தாழ்ப்பாள் இல்லாத தோட்டம்

சனிக்கிழமை மாலை நான்கு இருபதுக்கு நான் ஒரு கேட்டைப் பூட்டினேன். போனில் மணி பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. திருப்தியோடு மாடியேறி வந்து டீ போட்டுக் குடித்தேன். எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது அந்த நான்கு இருபதில்தான். அது எனக்குத் தெரிந்தபோது மணி ஐந்து பத்து.

அந்தக் கேட் என்னுடையதல்ல. தோட்டத்து அக்காவுடையது.

அப்போது நாங்கள் திருமழிசையில் இருந்தோம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். இரும்பு உருளைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. கேஸ் குழாயை மூன்று தடவை, வாசல் கதவை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி. பால்கனிக்கு நேர் கீழே மதில், மதிலுக்கு அப்பால் நாலு ஏக்கர் திராட்சைப் பந்தல். கல்தூண்கள் மேல் கம்பி இழுத்து, அதன்மேல் கொடிகளைப் படரவிட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்தது போலிருக்கும். அதற்கும் பின்னால் ஏரிக்கரை, கரையில் பனைகள். காலையில் கொக்குகள் பாய்மேல் நிழலை இழுத்துக்கொண்டு போகும். பழம் முற்றும் வாரங்களில் தொழிற்பேட்டையின் எண்ணெய் வாடையைத் தாண்டிக்கொண்டு ஒரு இனிப்பு வாசனை மாடிவரை ஏறி வரும்.

ஃப்ளாட்காரர்கள் அதை ஒயின் தோட்டம் என்பார்கள். அக்காவின் குடும்பத்தில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். 'திராட்சை ரசம்' என்பார்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துச் சர்ச்சுகள் சிலவற்றில் நற்கருணைக்கு ஊற்றும் ரசம் அங்கிருந்துதான் போனது. அக்காவின் தாத்தா காலத்திலிருந்து அதே வேலை. முன்னறையில் இயேசு படமும் சர்க்கார் அனுமதிச் சீட்டும் ஒரே அளவு சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் பிளாஸ்டிக் மாலை.

டிசம்பர் வந்தால் ஃப்ளாட்டிலிருந்து யாராவது ஒருவர் பாட்டிலோடு தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்பார். அக்கா சிரிக்காமல் சொல்வார்: "ஞாயித்துக்கெயம சர்ச்சுக்குப் போயி முட்டி போடு. ஒரு ஸ்பூன் ஊத்துவாங்க. அதுக்கு மேல வோணும்னா அடுத்த ஞாயித்துக்கெயமயும் போ."

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து இருக்கும். ஒல்லி. சேலைக்கு மேல் தம்பியின் பழைய முழுக்கைச் சட்டை. கொடி நறுக்கும் கவாத்துக் கத்தரி இடுப்பில் செருகியிருக்கும். விரல் நுனிகள் எப்போதும் ஊதா.

நான் முதலில் அவரிடம் போனது சண்டை போடத்தான். எங்கள் பக்கத்து மதிலில் அவருடைய தோட்டத்துக்கு ஒரு சின்ன இரும்பு கேட் இருந்தது. அது மூடியே இருக்காது. திறந்த நிலையிலேயே மண்ணில் புதைந்து, பிரண்டை அதன்மேல் ஏறிப் பின்னிப்போய்விட்டது. ஃப்ளாட் பிள்ளைகள் எல்லாம் அதன் வழியாக உள்ளே போய்த் திராட்சை தின்றார்கள். என் மகள் ஆதிரையும்தான். அவளுக்கு அப்போது எட்டு வயது.

"அக்கா, இந்த கேட்டை மூடி வைக்கக் கூடாதா? பாம்பு இருக்கும், நாய் வரும். பிள்ளைங்க உள்ள போறாங்க."

"போறாங்கதான்."

"அதான் சொல்றேன். மூடிட்டா போக மாட்டாங்க."

"ஏற்கெனவே பூந்தவன் எப்டி நைனா வெளிய வருவான்?" என்று கேட்டுவிட்டு, எனக்கு ஏதோ பெரிய உடல்நலக் குறைவு போல என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கொத்தை வெட்டி என் கையில் வைத்தார். சண்டை அத்தோடு முடிந்துவிட்டது.

பிள்ளைகள் தின்றது திருட்டுமல்ல. நாலு ஏக்கரையும் கிளிக்கும் வௌவாலுக்கும் பயந்து வலை போட்டு மூடுவார்கள். மதிலோரத்து வெளி வரிசைக்கு மட்டும் வலை கிடையாது. அது பறவைக்கும், போகிறவர் வருகிறவருக்கும். யாரும் கேட்க வேண்டாம். உள் வரிசையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. அது சர்ச்சுக்கு.

அந்த வீட்டுக்குள் போன பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. வாசல் கதவில் இல்லை, படுக்கையறையில் இல்லை, குளியலறையில்கூட இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள். குளியலறைக்குப் போகிறவர்கள் உள்ளே இருக்கும்வரை பாட வேண்டும். அது அந்த வீட்டுச் சட்டம். வீட்டார் சர்ச் பாட்டுப் பாடுவார்கள். ஒருநாள் எனக்கும் போக வேண்டியதாயிற்று. எனக்குப் பாட வராது. பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். தொண்ணூற்றாறுக்குப் பிறகு தடுமாறி நின்றபோது வெளியே அக்காவின் குரல் கேட்டது: "இன்னா நைனா, கீறியா?" இருக்கிறேன் என்று பதில் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அன்றிலிருந்து ஆதிரை தோட்டத்துக்குப் போனால் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டேதான் நடப்பாள். அப்பா சொன்னார், அதனால் அதுதான் சட்டம் என்று அவளாக முடிவு செய்துகொண்டாள்.

பாட்டுக்குக் காரணத்தை அக்கா எனக்குச் சொல்லவில்லை. அவருடைய தம்பிதான் சொன்னார். பழத்தை மிதித்துத் தொட்டியில் விட்டால் சில நாளில் அது தானாகப் பொங்கும். அடுப்பில்லாமல் கொதிக்கிற மாதிரி குமிழ் விடும். அப்போது ஒரு கெட்ட காற்று கிளம்பித் தரையோடு தங்கும். வாசனை இருக்காது. அதிகமானால் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் பொங்கும் அறையில் தரையில் ஒரு அகல் எரியும். அகல் அணைந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே வேலை செய்கிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் வெளியே இருப்பவர் ஓடிவர வேண்டும்.

தம்பிக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, அவர் உள்ளே இருப்பது தெரியாமல் ஒரு வேலையாள் பூனை புகுந்துவிடும் என்று வெளியே தாழ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தம்பி தட்டியிருக்கிறார். யாருக்கும் கேட்கவில்லை. தம்பி உள்ளே போனது அக்காவுக்குத் தெரியும். தற்செயலாக அந்தப் பக்கம் வந்தவருக்குப் பாட்டு கேட்கவில்லை. தாழை நீக்கித் தம்பியைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டார்.

"எனக்கு முழிப்பு வந்தப்ப அக்கா பக்கத்துல இல்ல சார்," என்றார் தம்பி. "ஸ்க்ரூ டிரைவர எடுத்துகினு ஊடு பூரா தாப்பாள கயட்டிகினு இருந்துச்சு. சாய்ங்காலத்துக்குள்ள ஒண்ணு மிச்சம் இல்ல."

கழற்றிய தாழ்ப்பாள்கள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருந்தன. தம்பி திறந்து காட்டினார். துருப்பிடித்துக் கருவாடு மாதிரி கிடந்தன.

கதவுக்கு மட்டும்தான் அந்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஏரிக்கரை மாடு ஒன்று தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது. நான் பால்கனியிலிருந்து பார்த்து ஓடிப்போனேன். மாடு தப்பிவிடக் கூடாது என்ற அவசரத்தில் கேட்டின் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். அக்கா பின்னாலிருந்து துண்டை வீசி விரட்டுகிறார். மாடு என்னைப் பார்த்தது, திரும்பியது, இரண்டு கல்தூணைச் சாய்த்துவிட்டு இன்னும் உள்ளே ஓடியது.

"நைனா, நீ மாட்டப் புடிக்கப் போறியா, தொரத்தப் போறியா?"

"துரத்தத்தான் அக்கா."

"அப்ப வழில நின்னுகினு இருக்கியே. நவுரு."

நகர்ந்தேன். மாடு என்னை உரசிக்கொண்டு, அவசரமே இல்லாமல், வெளியே போனது. சாய்ந்த தூண்களை மறுநாள் நானும் தம்பியும் நிமிர்த்தினோம்.

எங்கள் ஃப்ளாட்டில் முதல் மாடியில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அதிகாலை நடைக்குப் போகிறவர். ஒருநாள் காலை வலையைத் தூக்கிவிட்டு உள் வரிசையில் மஞ்சள் பை நிறையப் பறித்துக்கொண்டிருந்தவரை அக்கா பார்த்துவிட்டார். பால் வாங்க வந்த நாங்கள் நாலைந்து பேரும் பார்த்துவிட்டோம். அவருடைய மனைவியும் எங்களோடு நின்றிருந்தார்.

அக்கா நேரே போய்ப் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்: "இன்னா பெரியவரே, நான் சொன்ன மாரி எல்லாக் கொடிலயும் பாத்தீங்களா? புளிப்பு போயிச்சா இல்லியா?"

பெரியவர் விழித்தார். பிறகு மெல்ல, "இன்னும் நாலு நாள் போகணும்," என்றார்.

"அதான் நானும் நெனச்சேன்."

அதன்பின் பெரியவர் தினமும் காலையில் ஒரே ஒரு பழம் பறித்து, கண்ணை மூடித் தின்று, அக்காவிடம் நிலவரம் சொல்லிவிட்டுத்தான் நடக்கப் போவார். அறுவடையை எப்போது தொடங்கலாம் என்று அவர் எங்களிடமெல்லாம் அறிவிப்பார். எனக்கு அது சரியாகப் படவில்லை. திருடியவரை இப்படி விட்டால் எப்படி என்று அக்காவிடமே கேட்டேன்.

"அந்தம்மா பாத்துகினு நிக்குது," என்றார் அக்கா. "அவுரு ஊட்டுக்குப் போவ வோணாவா?"

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். இதில் ஒரு விஷயம் ஆதிரைக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அந்த வாரம் முழுக்க எங்கள் ஃப்ளாட் வாட்ஸப் குழுவில் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எங்கே, யார், யார் பார்த்தது, ஒன்றும் கிடையாது. நான் அதை நாலு பேருக்கு அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை என் மனைவிக்கு அம்பத்தூரில் வேலை. மூன்று ஐம்பதுக்கு ஆதிரையைத் தெருக்கோடி டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பால்கனிக்கு வந்தேன். கேட்டருகே இரண்டு ஆட்கள், தோளில் கோணிப்பையோடு, எங்கள் மாடிகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டை மாட்டிக்கொண்டு நான் இறங்கி வருவதற்குள் காணோம். பயந்து ஓடிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அரிவாள்மனையை எடுத்துவந்து பிரண்டையை அறுத்தேன். மண்ணைக் கிளறி, தோளால் முட்டித் தள்ளி, கேட்டை மூடினேன். பூட்டு இல்லை. ஆதிரையின் சைக்கிள் பூட்டு நினைவுக்கு வந்தது. ரோஸ் நிறச் சங்கிலி, பொம்மைப் படம் போட்டது. அதைச் சுற்றிப் பூட்டினேன். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று ஒரு குரல் கொடுக்கவில்லை. கொசு வரும் என்று பால்கனிக் கதவையும் சாத்திக்கொண்டேன்.

ஐந்து பத்துக்கு டியூஷன் டீச்சர் போன் செய்தார். ஆதிரை இன்று ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அடுத்த ஒரு மணி நேரத்தை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. ஃப்ளாட்டில் எல்லாக் கதவையும் தட்டினேன். தெருவில் ஓடினேன். ஏரிக்கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீரில் எதுவும் இல்லை என்பது ஆறுதலாக இல்லை. மனைவிக்குப் போன் செய்ய எண்ணை எடுத்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் போனைப் பையில் போட்டேன். தோட்டத்தில் மட்டும் தேடவில்லை. அங்கேதான் கவலை இல்லையே, நானே பூட்டிவிட்டேனே.

ஆறு மணி வாக்கில் அக்காவின் தம்பி பைக்கில் வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். சொன்னேன்.

"தோட்டத்துல பாத்தியா சார்?"

"அங்க போக முடியாது. கேட் பூட்டியிருக்கு."

"இன்னாது?"

"நான்தான் பூட்டினேன். யாரோ ரெண்டு பேர் மூட்டையோட..."

"அவனுங்க வல பின்ன வந்தவனுங்க சார். நாங்க வரச் சொன்னது." அவர் குரல் இறங்கிவிட்டது. "புள்ள உள்ள மாட்டிகினுதோ இன்னாவோ. பொங்கற ரூம்ல இன்னிக்கித் தொட்டி எல்லாம் ரொம்பிக் கீது. ஊட்ல யாரும் இல்ல. அக்கா ரசம் குடுக்கப் பூந்தமல்லி போய்க்கீது."

அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் நெடுஞ்சாலைப் பக்கத்து முன்வாசலுக்குப் பறந்தார். நான் கேட்டுக்கு ஓடினேன். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. ஒரு விரிசலைக் கண்டுபிடிக்க உருளையை மயிரிழை அளவு திருப்பிப் பழகிய கை. அந்தச் சின்னத் துவாரத்தில் சாவி போகவில்லை. அகல் எரிகிறதா, அகல் எரிகிறதா என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. சாவி கீழே விழுந்தது. அறுத்துப் போட்ட பிரண்டைக்குள் முட்டி போட்டுத் தேடினேன். கையெல்லாம் அரிப்பு.

நடந்ததை அன்றிரவு சாப்பிடும்போது ஆதிரையே சொன்னாள். டியூஷனுக்கு முன்னால் இரண்டு கொத்து தின்னலாம் என்று தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். வலை பின்னுகிறவர்கள் வந்ததும் டியூஷன் மறந்துபோயிற்று. தோட்டத்தின் அந்தக் கோடியில் அவர்களோடு உட்கார்ந்து முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டாள். அவர்கள் முன்வாசல் வழியாகப் போன பிறகு கேட்டுக்கு வந்தால், பூட்டு. மூன்று தடவை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். மதில் அவளைவிட உயரம். வேறு வழி தெரியாமல் முன்வாசலுக்கு நடந்து, நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று புறப்பட்டுவிட்டாள். லாரிகள் போகிற அந்தச் சாலையோரம் எட்டு வயதுப் பிள்ளை தனியாக நடந்துகொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய அக்கா அவளைப் பார்த்துக் கைப்பிடித்துக்கொண்டார். கேட் பூட்டியிருக்கிறது என்று அவள் அக்காவிடம் சொன்னாள். வா கண்ணு, பாப்போம் என்று அக்கா தோட்டத்துக்குள்ளேயே கூட்டி வந்திருக்கிறார்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. சாவியைக் கண்டெடுத்து எழுந்தபோது பந்தலுக்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. வெளி வரிசையில் மைனாக்கள் அடங்குகிற சத்தம். அதற்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது.

"ஆறேழு நாப்பத்திரண்டு. ஏழேழு நாப்பத்தொம்பது. எட்டேழு..."

எட்டேழில் அவள் எப்போதும் நிற்பாள். நின்றாள்.

"அம்பத்தாறு," என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

கொடிகளுக்கு அடியில் குனிந்து வந்தார்கள். முதலில் அக்கா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆதிரை. கன்னத்தில் பழக்கறையும் கண்ணீர்க்கறையும் ஒன்றாகக் காய்ந்திருந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். அக்கா கேட்டைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். தரையில் வெட்டிக் கிடந்த பிரண்டையைப் பார்த்தார். கடைசியில் என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

ஆதிரை கம்பிக்குள் கைவிட்டுச் சங்கிலியைத் தொட்டாள். பொம்மைப் படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது என் சைக்கிள் பூட்டு. யாருப்பா இங்க போட்டது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் கண்ணு போட்டேன்," என்றார் அக்கா. "மாடு பூந்துருதேன்னு உங்கப்பாகிட்ட கேட்டு வாங்கினேன். நீ உள்ள கீறது தெரியாம பூட்டிட்டேன், எம்மேலதான் தப்பு. சாவி அப்பாகிட்ட கீது பாரு. தொறக்கச் சொல்லு."